ஒமேனா பெட்டியும் 'ஒச்சோலா ஐயா'வும்

மார்ச் 4, செவ்வாய்

பணம் திரட்டும் பக்கம் இன்று இணையத்தில் ஏறிவிட்டது! வெயிலைச் சேமித்து வைத்து மழையிலும் ஒமேனா மீனை உலர்த்தும் என் சூரியசக்திப் பெட்டி. பத்துப் பெட்டி செய்ய நாலு லட்சம் ஷில்லிங் வேண்டும். மாதக் கடைசிக்குள் முழுதும் சேராவிட்டால் வந்த பணமும் கொடுத்தவர்களுக்கே திரும்பிவிடும். படத்தில் நான் மூடியைப் பிடித்திருக்கிறேன், என் கணவன் ஒச்சோலா ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறான். சும்மா பிடித்துக்கொள் என்று நான்தான் கொடுத்தேன். முடிவெட்டுகிறவனுக்கு அதைத் திருகக்கூடத் தெரியாது!

மார்ச் 9

கேள்விகள் குவிகின்றன. அவனுக்கு: "ஐயா, உகாண்டாவிலும் விற்பீர்களா?" எனக்கு: "அம்மா, நஷ்டம் வந்தால்? குழந்தையை யார் பார்ப்பார்கள்?"

பக்கத்தின் முதல் வரியிலேயே 'இதைச் செய்தவள் நான், அவினோ' என்று இருக்கிறதே! ஒச்சோலா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்போனான். நானும் சிரித்தேன். அப்புறம் அடுப்படியில் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 17

நைரோபிக்காரர் ஒருவர் பாதித் தொகை தருகிறாராம் – 'ஒச்சோலா ஐயா' நேரலையில் விளக்கினால்.

டுங்கா ஏரிக்கரையில் மீன் விற்கும் நெரேயா சொல்கிறாள்: "அவனையே பேசவிடுடி. பணம் யார் மூஞ்சியப் பாத்து வந்தா என்ன?"

பாதித் தொகை! ஆனா என் பெட்டியாச்சே அது... என்ன செய்ய?

மார்ச் 20

ராத்திரியெல்லாம் அவனுக்குப் பாடம் எடுத்தேன். கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். நேரலையில் நைரோபிக்காரர் கேட்ட முதல் கேள்வி: "பெட்டிக்குள்ள விசிறி எப்படிச் சுத்துது?"

பாவி! எல்லாம் மறந்துவிட்டான். அல்லது – வேண்டுமென்றேதானா?

"ஐயா, எனக்கு முடிவெட்டத்தான் தெரியும். உங்க தலையப் பத்திக் கேட்டாச் சொல்றேன். விசிறியப் பத்தி அவினோகிட்ட கேளுங்க. அவதான் செஞ்சா."

நான் பெட்டியைப் பிரித்துப் போட்டேன். விசிறியைக் காட்டி விளக்கினேன், வாய் நிற்கவில்லை. அவர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று போனவர் போனவர்தான்.

மார்ச் 24

அந்தக் காணொளி ஊரெல்லாம் சுற்றுகிறது! மொம்பாசாவிலிருந்து ஒரு தையல்காரி, கம்பாலாவிலிருந்து ஒரு டீச்சர், யார் யாரோ பணம் போடுகிறார்கள். நெரேயா சந்தையில் ஐம்பது ஐம்பதாக வசூலித்து அனுப்புகிறாள். "அவன் மூஞ்சி வேணாம்டி, ஒன் வாயே போதும்!"

மார்ச் 27

தொகை ஏறுது! ஏறிக்கிட்டே இருக்கு!

மே 14, புதன்

காலை முதல் அடைமழை. சந்தைப் பக்கம் போனேன். நெரேயா தகரக்கூரைக்குக் கீழே கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பத்துப் பெட்டியில் ஒன்று, உள்ளே ஒமேனாவோடு, 'ம்ம்'மென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நனையாத, வந்து உக்காரு" என்றாள்.