பின்னால் இருந்த மூன்றாவது போல்ட்

வின்டன்,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் ப்ரையருக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். கன்று ஈனும் பருவம் முக்கால்வாசி முடிந்தது, மாடுகளும் சுகம். மழை மட்டும் விடவில்லை. அபெர்டீனில் குளிர் தொடங்கியிருக்கும். உன் இருமல் நின்றதா? கட்டிலை ஜன்னலோரத்திலிருந்து தள்ளிப் போடச் சொன்னேனே, போட்டாயா? உனக்கு எப்படியும் சோம்பல்தான். சரி, உன் கார் விஷயத்துக்கு வருகிறேன்.

போகும்போது நீ சொன்னது, "வாரம் ஒரு தடவ ஸ்டார்ட் மட்டும் பண்ணி வைம்மா, பேட்டரி செத்துடக் கூடாது." நான் ஸ்டார்ட் பண்ணியதோடு நிற்கவில்லை. புதன்கிழமைகளில் இன்வர்கார்கில் நூலகம் வரை போய் வந்தேன். நம் பிக்கப்பில் நாய் இருக்கும், மாட்டு மருந்து இருக்கும், அப்பாவின் சேற்று பூட்ஸ் இருக்கும். உன் காரில் ஒன்றும் இல்லை. தாழ்ந்த இருக்கை. கதவை மூடினால் அமைதி. வளைவில் அது சாலையைப் பிடித்துக்கொள்ளும் விதம். யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். போன மாதம் அதுவும் நின்றது. பாதி வழியில் ஆவி, எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பில். எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர் போகும், முழங்கை போல வளைந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்று வெடித்திருந்தது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடச் சொன்னாய். அப்பா அன்றைக்கே ஆளிடம் பேசிவிட்டார், அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை வந்து ஏற்றிக்கொள்வதாக. வெள்ளிக்குள் ஓடிவிட்டால் கொடுக்கக் கூடாது என்றேன். ஓடினால்தானே என்று சிரித்தார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

ஆக்லாந்திலிருந்து புது முழங்கை வரவழைத்தேன். அது வரும்வரை அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. பால் கறக்கும் இயந்திரத்தின் ரப்பர்க் குழாயை வெட்டி, கைக்கு எட்டிய இடத்தில் சுற்றி, வேலிக்கம்பியால் இறுக்கினார். வேலிக்கம்பிக்குக் கட்டுப்படாத வியாதி நம் பண்ணையில் இதுவரை வந்ததில்லை. கார் கேட் வரை போனது. கேட்டில் நின்று கொதித்தது. பிறகுதான் எல்லோரும் ஒழுங்காகக் கழற்ற ஆரம்பித்தோம். அந்தக் காரில் ஒரு மூடியைத் திறந்தால் எஞ்சின் தெரியாது, இன்னொரு மூடி தெரியும். பேட்டரியை எடுத்தோம், காற்றுக் குழாயை எடுத்தோம், கொட்டகைத் தரை நிறைந்தது, முழங்கையோ இன்னும் சுவரை ஒட்டி உள்ளேயே ஒளிந்திருந்தது. பக்கத்துப் பண்ணை நெவ் தினமும் வந்து நின்றார், உதவிக்கு என்று அவர் சொல்லிக்கொண்டார். அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "என் வண்டில பானெட்டத் தொறந்தா உள்ள எறங்கி நின்னு டீ குடிக்கலாம். இதுல ஈ நொழையாது. டேய் க்ரேம், அவனுங்க மொதல்ல போல்ட்டத் தொங்கவிட்டுட்டு அப்புறம்தாண்டா அதச் சுத்தி காரைக் கட்டியிருக்கானுங்க." முழங்கையைப் பிடித்திருந்தவை மூன்று போல்ட். இரண்டு வந்துவிட்டன. மூன்றாவது பின்பக்கம், கண்ணுக்கே தெரியாது. அப்பாவின் கை மணிக்கட்டோடு நின்றது. நெவ்வின் கை உள்ளே போனது, வெளியே வரவில்லை. வாட்சைக் கழற்றித்தான் மீட்டோம். டார்ச், கண்ணாடி, மறுபடி டார்ச். "ஓடினா நானே சீஸ் ரோல் பண்ணி எடுத்துட்டு வரேன்" என்று நெவ் சொல்லிவிட்டுப் போனார். அவர் அடுப்பைத் தொட்டு நீ பார்த்திருக்கிறாயா?

வியாழன் காலை தலைச்சன் கிடேரி ஒன்றுக்கு வயிற்றில் கன்று தலையைப் பின்னால் மடக்கிக்கொண்டது. தோள் வரை கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். நல்ல பெண் கன்று. குழாயடியில் கை கழுவும்போது தோன்றியது. இதற்கு யாரும் டார்ச் கேட்பதில்லையே. ஈரக் கையோடு கொட்டகைக்குப் போனேன். விளக்கை அணைக்கச் சொன்னேன். "இருட்டுல என்ன பண்ணப் போற, ரே?" என்றார் அப்பா. கோணியை விரித்து எஞ்சின்மேல் படுத்தேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். கன்னத்தில் குளிர்ந்த இரும்பு. கண்ணை மூடினேன். குழாய். ஒயர். இன்னொரு குழாய். ஒரு விளிம்பு. அதன் கீழே, கன்றின் மூக்குத் துளை தட்டுப்படுவது போல, போல்ட்டின் தலைக்குழி. அதுவரை கண்ணால் தேடியதுதான் பிழை. விரலாலேயே போல்ட் கழற்றும் சாவியைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். விட்டுக்கொடுத்தது. முழங்கையை வெளியே இழுத்தபோது வாசலிலிருந்து நெவ் கத்தினார், "ரேவின், பொண்ணா, பையனா?" அப்பா சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் தபாலில் வந்திருந்த புதியதை அதே வழியில், அதே இருட்டில் மாட்டினேன்.

வெள்ளிக்கிழமை ஸ்டார்ட் செய்து, அடியில் அட்டையை விரித்துக் காத்திருந்தோம். முள் நடுவுக்கு வந்தது. அங்கேயே நின்றது. அட்டையில் ஒரு சொட்டு இல்லை. அப்பா காரின் முன் கண்ணாடியைத் துடைத்துவிட்டார். நம் ஒற்றைப் பாதையில் நான் வெளியே போக, பழைய இரும்புக்காரரின் லாரி உள்ளே வந்தது. அவர்தான் பின்னால் போய் வழி விட வேண்டியிருந்தது. "ஏத்த வேண்டிய வண்டி எதும்மா?" என்றார் தலையை நீட்டி. இதுதான் என்று சொல்லிவிட்டு இன்வர்கார்கில் வரை ஓட்டினேன். மழை நின்றிருந்தது. திரும்பி வந்தபோது மேசையில் சீஸ் ரோல். ஒரு பக்கம் கருகியிருந்தது. மூன்று சாப்பிட்டேன்.

கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே. அப்பாவுக்கு ஒரு போன் செய், வேலிக்கம்பியைப் பற்றிக் கேள். நன்றாக இரு, நன்றாகத் தூங்கு, நினைத்தது உன் கைக்கு எட்டட்டும். மறக்காமல் ஒரு காரியம்: கார் இன்னும் உன் பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்றிவிடு. நீ ஊருக்கு வரும்போது விமான நிலையத்துக்கு அதில்தான் வருவேன். சாவி கேட்காதே. பக்கத்து இருக்கை உனக்கு.

என்றும் உன் அம்மா,
ரேவின்