முதல் ஆளாக நடப்பவர்

19 மார்ச் 1968, செவ்வாய்

பட்டாளத்தில் இருந்து அவர் கடிதம் இன்று வந்தது. என் மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. மீன் காயவைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே நான் உரக்கப் படித்துக் காட்டினேன்.

மலையில் பனி இளக ஆரம்பித்துவிட்டதாம். விடிகாலையில் பாதை கண்ணாடி மாதிரி இறுகி வழுக்குகிறதாம். வெயில் ஏறியதும் கால் வைத்தால் இடுப்பு வரை இறங்குகிறதாம். நம் ஏரிச் சேற்றில் கழியை ஊன்றிப் பார்த்து அடி வைப்போமே, அந்தப் பழக்கத்தை ஆபீசரிடம் சொன்னாராம். இப்போது தினமும் அவர்தான் முதல் ஆளாக நடக்கிறாராம்.

"ஆபீசரே எம்புள்ள பின்னாலதான் நடக்கிறாரு" என்று அத்தை பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "நீ இன்னாத்துக்கு மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு கீற?" என்று என்னைக் கேட்டார். நான் குனிந்து மீனைத் திருப்பிப் போட ஆரம்பித்தேன்.

ஆபீசரிடம் சொல்லட்டுமா என்று போன கடிதத்தில் என்னைத்தான் கேட்டிருந்தார். கூச்சப்படாமல் சொல்லுங்கள், நல்ல பேர் கிடைக்கும் என்று எழுதியவள் நான். ஏரியில் கழி எப்படியும் தரையைத் தொடும். பனிக்கு அடியில் ஓடை ஓடினால் எதைத் தொடும்? இது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

கடிதம் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆகியிருக்கிறது. அதற்குள் அங்கே எவ்வளவு இளகியிருக்குமோ. இன்று இங்கே வெயில் சுள்ளென்று அடித்தது. மீன் ஒரே நாளில் காய்ந்துவிட்டது என்று அத்தைக்குச் சந்தோஷம். நான் மேகம் வராதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.