சித்தப்பா விழுங்கிய தலைமுறைகள்

இயேசு மரி சூசை துணை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்றபடி நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். பூசை நடுவில் எழுந்து நின்று உன் சித்தப்பாவோடு நான் சண்டை போட்டதாக உனக்குச் செய்தி வந்திருக்கும். தவறு. பூசை தொடங்கவே இல்லை, நான் எழுந்திருக்கவும் இல்லை. உட்கார்ந்தபடியே திருத்தினேன், அவ்வளவுதான்.

மீட்பர் பிறந்த விழாவுக்கு முன் அவருடைய தலைமுறை அட்டவணையை இங்கே கோயிலில் வாசிப்பார்கள் அல்லவா, இந்த முறை வாசித்தது சித்தப்பா. வங்கி மேலாளராக இருந்தவர், மைக்கைப் பிடித்தால் விடமாட்டார், ஆனால் வாயில் நுழையாத பெயர் வந்தால் இருமுவார், இருமி முடிப்பதற்குள் நாலு தலைமுறை போய்விடும். தாமார், இராகாபு, ரூத்து மூவரையும் விட்டபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். செருபாபேலும் காணாமல் போனதும் பொறுக்கவில்லை. முதல் வரிசையிலிருந்து, "தம்பி, மூணு பொம்பளைங்களையும் ஒரு ஆம்பளையையும் விட்டுட்டீங்க" என்றேன். அவர் மைக்கை மூடாமலே, "அண்ணி, அதுல ஒருத்தி நடத்தை கெட்டவ, ஒருத்தி அந்நிய நாட்டுக்காரி, கோயில்ல எதுக்கு அந்தப் பேச்சு, சும்மா இருங்க" என்றார். கோயிலே சிரித்தது. ஆர்மோனியக்காரர் பதறிப்போய்ப் பிறப்புப் பாட்டை ஆரம்பித்துவிட்டார். தலைமுறை வாசிப்பு பாபிலோன் அடிமைக்காலத்திலேயே நிற்க, மீட்பர் பிறந்துவிட்டார்.

பூசை முடிந்து சித்தப்பா என்னை வாசலில் பிடித்துக்கொண்டார். "மீட்பருக்கே வம்சம் எழுதியிருக்கு அண்ணி, உங்க பொண்ணு தத்தெடுத்த பிள்ளைக்கு என்ன வம்சம்? அதுக்குப் போய் எங்க அண்ணன் பேரை வைக்கலாமா? ஞானஸ்நானத்தை அங்கேயே முடிச்சுக்கச் சொல்லுங்க" என்றார். இந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நீ வராமல் இருக்கிறாய், எனக்குத் தெரியாதா? நான் சொன்னேன், "அத்தனை தலைமுறையும் கடைசில யார்கிட்ட வந்து நிக்குது தம்பி? மாதாவைக் கட்டின சூசையப்பர்கிட்ட. அவர் பெத்த பிள்ளையா மீட்பர்? வளர்த்த பிள்ளை. வளர்த்தவர் வம்சத்தைத்தான் அதுக்கு எழுதியிருக்கு, நீங்க விட்ட பொம்பளைங்களையும் சேர்த்து." அதே சூட்டில், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நீங்களே நில்லுங்கள் என்று கேட்டுவிட்டேன். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனவர், மறுநாள் பிள்ளைக்குச் சட்டை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார், ஐந்து வயதுப் பையனுக்கு ஆகும் அளவில்.

பால் கொடுத்ததும் பிள்ளையை உடனே படுக்க வைக்காதே, தோளில் போட்டுத் தட்டு. மாப்பிள்ளையும் தட்டலாம், கை தேயாது. மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை போடுகிறேன், ஆண்டவர் காப்பார். நான் ஆசைப்பட்டபடி அப்பா பெயரை வைக்க உனக்குச் சம்மதமா, பிள்ளையை எப்போது கொண்டுவருகிறாய் என்று உன் கையால் எழுதிப் பதில் போடு.

உன் அம்மா