கைப்பையில் அடித்த போன்

பிப்ரவரி 12, வியாழன்

நாட்டின் நீண்டகாலப் பாதுகாப்பு பற்றிய மாநாடு மைசூரிலேயே நடப்பதால், மருத்துவமனை சார்பில் என்னையும் நர்ஸ் ஷீலாவையும் அனுப்பிவிட்டார்கள். காலை முழுவதும் எல்லை, மின்சாரம், தானிய இருப்பு என்று பேசினார்கள். நன்றாகத்தான் பேசினார்கள்.

மதியம் பேசிய அதிகாரி, நெருக்கடியைத் தாங்கும் பலம் வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார். நாங்கள் நிரப்பிய படிவத்தில் அவசரத்துக்கு யாரை அழைப்பது என்று ஒரு கட்டம் இருந்தது. அதிலிருந்து சிலரை ஒத்திகையாக அழைக்கச் சொன்னார்.

முதல் இரண்டு பேரும் எடுக்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாவது அழைப்பு என் கைப்பைக்குள் அடித்தது.

என் கணவர் அந்தோணியின் போன். அவர் இறந்துபோய் மூன்று வருடமாகிறது. காஸ் சிலிண்டருக்கும் பேங்க் ஓடிபிக்கும் அந்த நம்பர்தான், அதனால் கூடவே வைத்திருக்கிறேன். படிவத்தில் கை தானாக அதையே எழுதியிருக்கிறது.

சட்டென்று எடுத்தேன். மேடையோரம் நின்ற பெண் படிவத்தில் என் பெயரைப் பார்த்து மைக்கில் கன்னடத்தில் கேட்டாள், உங்கள் ரீட்டாவுக்கு உதவி வேண்டும், எவ்வளவு நேரத்தில் வருவீர்கள் என்று. இங்கேதான் இருக்கிறேன் என்றேன். மறுபடி சிரிப்பு. ஷீலா மட்டும் சிரிக்கவில்லை.

"பையன் நம்பர் போட்டிருக்கலாமே அக்கா?"

"அவன் கனடால இருக்கான். என்னன்னு வருவான்?"

"அப்ப என் நம்பர் போடுங்க. சும்னே கண்டதையும் யோசிக்காதீங்க."

படிவத்தில் பழைய நம்பரை அடித்துவிட்டு அவள் நம்பரை எழுதிக் கொடுத்தேன். நல்ல பெண்.

அந்தப் போனை இப்போது சார்ஜில் போட்டிருக்கிறேன். விளம்பர அழைப்புகளை விட்டால், மூன்று வருடத்தில் அவரைத் தேடி வந்தது இது ஒன்றுதான். அதுவும் எனக்காக. அவசரப்பட்டு எடுத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் அடிக்க விட்டிருக்கலாம்.