உள்ளங்கையில் ஒட்டிய துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சேலத்தில் நலமாகவே இருக்கிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

தீபாவளிக்கான குழந்தைகள் கவுனுக்குத் துணி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கம்பெனியில் எனக்குத் தந்திருந்தார்கள். குமாரபாளையம் பருத்தியே போதும் என்றேன். தீப்பிடித்தால் பருத்தியும் எரியும்தான், ஆனால் பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். இரண்டையும் கொளுத்திக் காட்டினேன். முதலாளியின் தம்பி சிவக்குமார் பாலியெஸ்டர் வாங்குவதாக வியாபாரியிடம் வாக்குக் கொடுத்திருந்தார்; அவர் முகம் கறுத்தது.

"ஒட்டுமா? பாத்துப்போடலாம்" என்று என் வலது கையைப் பிடித்து, எரியும் பாலியெஸ்டர் துண்டை இடுக்கியால் உள்ளங்கையில் அழுத்தினார். நான் அலறினேன்.

"ஏனுங்க, புள்ளை கைய உடுங்க" என்று ஓடிவந்தார் கட்டிங் மாஸ்டர் சின்னுசாமி. சிவக்குமார் விடவில்லை. மாஸ்டர் இரும்பு ஸ்கேலால் அவர் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

காயம் ஆறிவிடும். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணல். உங்கள் பழைய நூல்சேலை ஒன்று அனுப்புங்கள், கையைச் சுற்றிக்கொண்டு தூங்க வேண்டும்.

நான் வாய் திறக்காவிட்டால் பருத்திக்கே சம்மதம் என்கிறார் முதலாளி. சிவக்குமாரின் கையை முறித்ததாக மாஸ்டரைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது. நடந்ததைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போகிறேன், ஆட்டோ வந்துவிட்டது.

இசக்கி