கோட்டுக்கு நிற்காத தாளம்

டிசம்பர் 29

பேத்தமங்களாவிலிருந்து வந்த கத்தரிக்காய் வாங்கினேன். சுற்றிக் கொடுத்த பேப்பரை எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். பாதிச் செய்தியில் கிழிந்திருந்தது. கடைக்குத் திரும்பிப் போய் மீதியைக் கேட்டேன். சிரித்தார்கள்.

வீட்டில் புயல். தோலக் அடிக்கும் ஃப்ரெடி ஒசூருக்கு மகனிடம் போய்விட்டார். காணும் பொங்கலன்று கோரமண்டல் மைதானத்தில் என் மனைவி ரத்தினம்மா குழுவின் கோலாட்டம். தாளம் இல்லையென்றால் அந்த நேரம் பிள்ளைகளின் சினிமா டான்ஸுக்குப் போய்விடுமாம். "எட்டு பொம்பளைங்க குச்சிய வெச்சிக்கினு இன்னா பண்றது, பல்லு குத்தறதா?" என்கிறாள்.

மருமகள் நளினிதான் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவள். லேப்டாப்பிலேயே தோலக் போட்டுத் தருகிறேன் என்றாள். பெட்டிக்குள் தோலக்!

ஜனவரி 1

திரையில் வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டிலும் நளினி ஒரு தோலக் அடியை வைத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. குழுவில் ஆடும் ஃப்ளோரா அதற்கு ஆடிப் பார்த்துப் பாதியில் நின்றுவிட்டாள். "இன்னாடி இது, போலீஸ் பரேடா? மூச்சு விட வுட மாட்டேங்குது."

"மனுஷங்க அடிச்சா கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும் மாமா. அதைத்தான் இதுல வெக்கணும்," என்றாள் நளினி.

நான் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ரத்தினம்மா சிரித்த சிரிப்பு பிடிக்கவில்லை.

ஜனவரி 4

மவுஸ் என் கையில்! ஒவ்வோர் அடியையும் கோட்டிலிருந்து தள்ளி வைத்தேன். எதை, எந்தப் பக்கம் என்றெல்லாம் பார்க்கவில்லை. மனிதன் அப்படித்தானே?

"சம்பள நாள்ல ஷிப்டு முடிஞ்சி தள்ளாடிக்கினு ஊட்டுக்கு வர்ற ஆளு மாதிரி கீது," என்றாள் ரத்தினம்மா. யாரைச் சொன்னாள்? ஃப்ளோராவின் குச்சி கூட ஆடிய பாக்யலட்சுமியின் விரலில் பட்டுவிட்டது. மஞ்சள் பற்றுப் போட்டோம்.

ஜனவரி 8

அருமையான யோசனை. அவர்கள் ஆட ஆட, பார்த்து நானே பொத்தானைத் தட்டினேன். தட்டியதெல்லாம் தோலக்காகப் பதிந்தது. மனிதன் தட்டியது. இனி யார் குறை சொல்வார்கள்?

ஜனவரி 9

சொன்னார்கள்.

குச்சி விழுந்ததைப் பார்த்த பிறகுதான் நான் தட்டியிருக்கிறேன். எல்லா அடியும் பின்னால். அவர்கள் அடிக்காகக் காத்து ஆடினார்கள். அதைப் பார்த்து மறுபடி தட்டினேன், இன்னும் பின்னால். மூன்றாம் முறை எட்டுப் பேரும் குச்சியைத் தூக்கியபடி நிற்கிறார்கள் — குச்சி விழட்டும் என்று நான் காத்திருந்ததால் அடி வரவே இல்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஜனவரி 10

விழாக் கமிட்டி இன்பராஜ் வந்தார். "நாளைக்கு சாயங்காலம் தாளம் கைக்கு வரணும்க்கா. இல்லன்னா பசங்க ரெடியா கீறாங்க."

ரத்தினம்மா குச்சிகளைத் துடைத்துப் பையில் போட்டுக் கட்டினாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அன்றைக்கு நான் எதற்கு வாயைத் திறந்தேன்?

ஜனவரி 11

காலையில் ரத்தினம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பிடம் வந்தாள். "நவுருங்க." நகர்ந்தேன். கோலாட்டப் பாட்டைப் பாடிக்கொண்டே ஒற்றை விரலால் பொத்தானைத் தட்டினாள், முழுப் பாட்டுக்கும்.

நளினி திரையைப் பார்த்தாள். "அத்தே, திரும்புற இடத்துலல்லாம் கோட்டுக்கு முன்னாடியே அடிச்சிட்டீங்க. குனியிற இடத்துல லேட்டு. சரி பண்ணட்டுமா?"

"குனிஞ்சா முட்டி வலிக்குதுடி, லேட்டாத்தான் ஆவும். கோட்டுக்காக நான் ஏன் நிக்கணும்? வேணும்னா கோடு வரட்டும்."

நளினி எதையும் நகர்த்தவில்லை. சில அடிகளின் சத்தத்தை மட்டும் குறைத்தாள். போட்டுக் கேட்டபோது, வாசலில் காத்திருந்த ஃப்ளோராவின் கால் தானாக ஆட ஆரம்பித்தது.

தாளத்தைப் பென் டிரைவில் போட்டு இன்பராஜிடம் நானே ஓடிப்போய்க் கொடுத்தேன்.

ஜனவரி 16

ஆடினார்கள்! ஒரு விரலும் அடிபடவில்லை. கடைசிச் சுற்றில் அவர்கள் வேகம் ஏறியது, பெட்டியும் ஏறியது; ரத்தினம்மா அப்படித்தானே தட்டியிருந்தாள். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது.

ஜனவரி 25

லேப்டாப் எனக்குக் கிடைப்பதே இல்லை. கோரமண்டல் பெண்களும் தங்கள் கோலாட்டத்துக்குத் தாளம் கேட்டிருக்கிறார்கள். ரத்தினம்மா தட்டுகிறாள். சமையல் நான். உள்ளேயிருந்து சத்தம்: "இன்னாங்க, குக்கர அணைங்க! அது விசிலடிச்சா என் கை அது பின்னாலயே போவுது!"

அணைத்தேன். ராத்திரிக்கு அரைவேக்காட்டுப் பருப்பு.