நீஸில் எங்களுக்கு ஒருத்தருமில்லை

இஞ்சாருங்கோ,

வேலைக்குப் போறன். மீன்குழம்பு அடுப்பிலை இருக்கு, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. வெளிய போனால் கதவைப் பூட்டித் திறப்பைக் கீழ இருக்கிற டெப்பனர் பலசரக்குக் கடையிலை குடுங்கோ.

பின்னேரம் அன்டன் அண்ணை வந்தால் அவரிட்டை இரவல் வாங்கின பெரிய சூட்கேசைத் திருப்பிக் குடுத்துவிடுங்கோ. பிரான்சிலை நீஸ் கடற்கரைக்குப் போக எங்களுக்குச் சின்னது காணும். அங்கை சாமான் கொண்டுபோய்க் குடுக்க ஒருத்தருமில்லை.

அதுக்காகத்தான் அந்த ஊரைத் தெரிஞ்செடுத்தனான். இவ்வளவு காலமும் எங்கை போனாலும் சொந்தக்காரற்றை ஹோலிலைதானே படுத்தெழும்பினது. நீங்கள் என்னெண்டா பாரிசிலை இருக்கிற உங்கட தங்கச்சிக்குச் சொல்லிப்போட்டியள், அவ பிள்ளையளோடையும் றைஸ் குக்கரோடையும் அங்கை வர வெளிக்கிட்டு நிக்கிறா. எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை.

மெற்றில்டா

பி.கு. விடிய உங்கட தங்கச்சிக்கு ரெலிபோன் எடுத்தன். அங்கை எங்களுக்கு ஒரு அறை, ஒரு கட்டில்தான் எண்டு சொன்னன். அவ உடனை தன்ர மனுசனைக் கூப்பிட்டு, "நாங்களும் இப்பிடி ரெண்டுபேருமாய் எங்கையாவது ஒருக்காப் போவமே?" எண்டு கேட்டா.